கையிருப்பு இல்லாத வேகம்: இந்திய விமானத்துறையில் தொழில்நுட்பத்தின் இடம்

1. கேள்வி

2014-இல் இந்தியாவுக்குள் மேற்கொள்ளப்பட்ட விமானப் பயணங்கள் ஏறத்தாழ 6 கோடியே 73 லட்சம். 2024-இல் அது 16 கோடியே 13 லட்சமாக உயர்ந்தது. (பயணிகள் எண்ணிக்கை என்று அரசு வெளியிடுவது உண்மையில் பயணங்களின் எண்ணிக்கையே. மாதம் நான்கு முறை பறப்பவர் நான்கு பேராகவே கணக்கில் ஏறுகிறார்.) உள்நாட்டு விமானப் போக்குவரத்தில் அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்த பெரிய சந்தை இன்று இந்தியா. இதே பத்தாண்டில் இயங்கும் விமான நிலையங்கள் 74-இலிருந்து 150-க்கும் மேலாகின. 2023-இல் சில மாத இடைவெளியில் ஏர் இந்தியா 470 விமானங்களையும் இண்டிகோ 500 விமானங்களையும் வாங்குவதாக அறிவித்தன.

இந்த வளர்ச்சியில் தொழில்நுட்பத்தின் பங்கைப் பற்றி இரண்டு வகைப் பேச்சுகள் புழங்குகின்றன. அமைச்சக அறிக்கைகளும் நிறுவனங்களின் விளம்பரங்களும் ஒவ்வொரு புதிய கருவியையும் ஒரு மைல்கல்லாக நட்டுக்கொண்டே போகின்றன: எரிபொருள் குறைவாகக் குடிக்கும் எஞ்சின், செயற்கைக்கோள் வழிகாட்டலில் தரையிறக்கம், முகத்தைக் காட்டினால் திறக்கும் வாசல். எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் அதே கருவிகளை அயல்நாட்டுச் சார்பு என்றோ, கண்காணிப்பு என்றோ, ஆட்குறைப்பு என்றோ பார்க்கிறார்கள். இரு தரப்பும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கருவி என்ன செய்கிறது? இக்கட்டுரை அதற்கு அடுத்த கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஒரு கருவி மிச்சப்படுத்தித் தரும் எரிபொருளும் நிமிடங்களும் ஆள்பலமும் பிறகு யாரிடம் போய்ச் சேர்கின்றன?

இந்தியச் சந்தையில் அந்த மிச்சம் ஏறக்குறைய முழுவதும் கூடுதல் விமானங்களாகவும் கூடுதல் புறப்பாடுகளாகவும் குறைந்த கட்டணமாகவும் உடனுக்குடன் செலவழிக்கப்பட்டுவிட்டது என்பதே இங்கு முன்வைக்கும் வாதம். ஓரிரு விதிவிலக்குகள் தவிர, அதில் ஒரு பங்கையாவது கையிருப்பாக ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு எந்த மட்டத்திலும் உருவாகவில்லை. மாற்று எஞ்சின், அழைத்தால் வரத் தயாராக இருக்கும் விமானி, யாருக்கும் ஒதுக்காமல் விட்ட ஓடுதள நேரம், செயற்கைக்கோள் வந்த பிறகும் அணைக்காமல் வைத்திருக்கும் தரைக்கருவி, ஆள் உட்கார்ந்திருக்கும் கவுண்டர் ஆகியவற்றையே கையிருப்பு என்று இங்கே குறிப்பிடுகிறேன். சாதாரண நாளில் இவற்றுக்கு வேலை இல்லை. கணக்காளர் கண்ணுக்கு வீண்செலவு. 2023 முதல் 2025 வரை இந்திய விமானத்துறை சந்தித்த பெரிய இடையூறுகளைத் தொழில்நுட்பத்தின் தோல்வி என்பதைவிடக் கையிருப்பின் தோல்வி என்று படிப்பதே சான்றுகளோடு பொருந்துகிறது.

இந்தப் பார்வைக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் பெரோ 1984-இல் வெளியிட்ட ‘நார்மல் ஆக்சிடென்ட்ஸ்’ என்ற நூலில், சிக்கலான, இறுக்கமாகப் பிணைக்கப்பட்ட அமைப்புகளில் சிறு பிழைகூட நின்று திருத்த அவகாசம் இல்லாமல் பரவிவிடும் என்று வாதிட்டார். அவர் எழுதியது விபத்துகளைப் பற்றி. தாமதமும் ரத்தும் விபத்துகள் அல்ல என்பதால் அவருடைய கோட்பாட்டை அப்படியே இங்கே பொருத்துவது சரியாகாது. ஆனால் பிணைப்பு இறுகுவது இயற்கையாக நடப்பதல்ல, யாரோ எடுக்கும் முடிவுகளால் நடப்பது என்ற கோணத்தில் அவரைப் படிக்கலாம். அந்த முடிவுகள் எங்கே, எப்படி எடுக்கப்பட்டன என்பதுதான் இனி.

2. ஒரே எஞ்சின், இரண்டு நிறுவனங்கள்

இந்தியாவில் ஒரு விமான நிறுவனத்தின் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு எரிபொருளுக்குப் போகிறது. விமான எரிபொருள் ஜிஎஸ்டி வளையத்துக்கு வெளியே இருப்பதால் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி அதன்மீது வரி விதிக்கிறது. இந்தப் பின்னணியில்தான் ஏர்பஸ் ஏ320 நியோ விமானத்தின் வருகையைப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய ஏ320-ஐவிட சுமார் 15 விழுக்காடு எரிபொருள் மிச்சம் என்றால் மொத்தச் செலவில் 6 விழுக்காடு குறைகிறது. லாபமே இரண்டு மூன்று விழுக்காடாக இருக்கும் தொழிலில் இது பிழைப்பதற்கும் மூழ்குவதற்கும் உள்ள வேறுபாடு. இண்டிகோவும் கோ ஏர் நிறுவனமும் (பின்னாளில் கோ ஃபர்ஸ்ட்) அந்த விமானத்துக்கு பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் பல்சக்கர எஞ்சினைத் தேர்ந்தெடுத்தன. வழக்கமான எஞ்சினில் முன்பக்கத்துப் பெரிய விசிறியும் அதைச் சுழற்றும் டர்பைனும் ஒரே தண்டில் இணைந்திருக்கும். விசிறி மெதுவாகச் சுழன்றால் நல்லது, டர்பைன் வேகமாகச் சுழன்றால் நல்லது. ஒரே தண்டு என்பதால் இரண்டுமே விட்டுக்கொடுக்க நேரும். நடுவே ஒரு பல்சக்கரப் பெட்டியை வைத்து இரண்டையும் அதனதன் வேகத்தில் ஓடவிட்டதே இந்த எஞ்சினின் சாதனை.

சாதனை உண்மையானது. சிக்கல்களும் உண்மையானவை. 2018 மார்ச்சில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) இரு நிறுவனங்களின் 11 நியோ விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தியது. 2019 நவம்பரில் இண்டிகோவின் 97 விமானங்களில் மாற்றியமைக்கப்படாத எஞ்சின்களை 2020 ஜனவரி 31-க்குள் மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. மாற்று எஞ்சின்கள் போதிய அளவில் கிடைக்காததால் கெடு மே 31 வரை நீட்டிக்கப்பட்டது. 2023 ஜூலையில் அதைவிடப் பெரிய செய்தி வந்தது. டர்பைன் தட்டுகளை உருவாக்கப் பயன்படுத்திய உலோகத் தூளில் மாசு கலந்திருந்ததை பிராட் அண்ட் விட்னியின் தாய் நிறுவனம் ஒப்புக்கொண்டது. உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான எஞ்சின்களைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் திரும்பிவர 250 முதல் 300 நாட்கள் ஆகும் என்று அந்த நிறுவனமே மதிப்பிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒரே குறை இரண்டு நிறுவனங்களை எப்படித் தாக்கியது என்பது. ஐம்பத்துச் சொச்சம் விமானங்களை வைத்திருந்த கோ ஃபர்ஸ்ட், அவற்றில் சுமார் பாதி எஞ்சின் இல்லாமல் நின்றுவிட்டதாகச் சொல்லி 2023 மே 2 அன்று திவால் நடவடிக்கைக்குத் தானே விண்ணப்பித்தது. 2025 ஜனவரியில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. இண்டிகோவிலும் 2024 தொடக்கத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் நின்றன. ஆனால் அது பழைய ஏ320 விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தது. பிற நாட்டு நிறுவனங்களிடமிருந்து விமானங்களை வாடகைக்குப் பெற்றது. 2019-லேயே அடுத்த 280 விமானங்களுக்கு வேறொரு உற்பத்தியாளரின் எஞ்சினைத் தேர்ந்தெடுத்திருந்தது. கையில் பணமும் மாற்று வழியும் இருந்தன. கோ ஃபர்ஸ்ட் விழுந்ததற்குக் கடன் சுமையும் நிர்வாகக் குழப்பங்களும் காரணம், எஞ்சினைக் குற்றம் சொல்வது சாக்கு என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் உண்மை இருக்கலாம். அது இந்தக் கட்டுரையின் கருத்தை வலுப்படுத்தவே செய்கிறது: ஒரு இயந்திரக் குறை நிறுவனத்தை அழிக்குமா, அலைக்கழித்துவிட்டு மட்டும் போகுமா என்பதைத் தீர்மானித்தது இயந்திரத்துக்கு வெளியே இருந்த கையிருப்பு.

கோ ஃபர்ஸ்டின் மறைவோடு இன்னொன்றும் குறைந்தது. ஒரு நிறுவனம் தடுமாறினால் அதன் பயணிகளை ஏற்றிக்கொள்ளப் பிற நிறுவனங்களில் இருக்கும் காலி இருக்கைகளும் ஒருவகைக் கையிருப்பே. 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் என்று அடுத்தடுத்து மூடப்பட்டதில் உள்நாட்டுச் சந்தையில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போனது. இதன் விளைவு இரண்டு ஆண்டு கழித்துத் தெரிந்தது.

3. மும்பை: திருப்பித் தரப்பட்ட இரண்டு இயக்கங்கள்

மும்பை விமான நிலையத்தில் ஓடுதளங்கள் இரண்டு. ஆனால் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். அப்படியிருந்தும் மணிக்கு 46 புறப்பாடு-தரையிறக்கம் வரை அங்கே நடந்தது. அதாவது 78 நொடிக்கு ஒன்று. தரையிறங்கிய விமானம் வேகம் குறையாமலேயே ஓடுதளத்தைவிட்டு விலகச் சாய்வாக அமைத்த பாதைகள், துல்லியமான ரேடார், கட்டுப்பாட்டாளர்களின் தேர்ச்சி எல்லாம் சேர்ந்து எட்டிய எண் அது. ஒற்றை ஓடுதள இயக்கத்தில் உலக அளவில் பேசப்பட்ட சாதனை.

அந்த எண் எட்டப்பட்டதும் நிறுவனங்கள் அதை முழுவதுமாக நிரப்பின. நெரிசல் இல்லாத நேரத்துக்கு 44 என்று வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் இடையே வேறுபாடு பெயரளவில்தான். காலையில் ஒரு விமானம் பத்து நிமிடம் பிந்தினால் அந்தப் பத்து நிமிடத்தை விழுங்கிக்கொள்ள நாள் முழுவதும் எங்கேயும் இடம் இல்லாமல் போனது. விமானங்கள் 40 முதல் 60 நிமிடம்வரை வானில் வட்டமடித்தன. வட்டமடிக்கும் விமானம் மணிக்குச் சராசரியாக 2,000 கிலோ எரிபொருளை எரிக்கிறது என்று அமைச்சகமே கணக்குச் சொன்னது. நியோ எஞ்சின் வழியில் மிச்சப்படுத்தியதை மும்பை வானத்தில் கரைத்துக்கொண்டிருந்தார்கள் என்று இதைச் சொன்னால் மிகையாகாது. 2024 பிப்ரவரியில் அரசு தலையிட்டு, நெரிசல் நேரத்துக்கு 44, மற்ற நேரத்துக்கு 42 என்று குறைத்தது.

இந்த ஆணையைச் சிலர் பின்னடைவாகப் பார்த்தார்கள். என் வாசிப்பில், இந்திய விமானத்துறையில் கையிருப்பு என்ற ஒன்று தேவை என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட அரிய தருணம் அதுவே. மணிக்கு இரண்டு இயக்கங்களை விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்கினார்கள். எந்தப் புதிய கருவியும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே வாங்கிய கருவிகள் தந்த மிச்சத்தில் ஒரு துளியைச் செலவழிக்காமல் வைத்தால் போதுமானதாக இருந்தது. (நெரிசலைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய நவி மும்பை நிலையம் 2025 டிசம்பர் 25 அன்றுதான் பயணிகள் சேவையைத் தொடங்கியது.)

4. செயற்கைக்கோளும் தரைக்கருவியும்

இந்திய விமானத்துறையில் உள்நாட்டு அறிவியல் உழைப்பு மிக அதிகமாகச் சேர்ந்த திட்டம் ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் 774 கோடி ரூபாயில் உருவாக்கியது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் உள்ள பிழையை நாடெங்கும் உள்ள தரைநிலையங்கள் அளந்து, திருத்தத்தைப் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வழியாக விமானத்துக்கு அனுப்பும். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பானுக்கு அடுத்து இத்தகைய அமைப்பைச் சொந்தமாக வைத்திருக்கும் நாடாக இந்தியா ஆனது. இதில் இந்தியாவுக்கென்று ஒரு தனிச் சவால் இருந்தது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. ராக்கெட் ஏவுதளத்துக்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். அக்கோட்டின் இருபுறமும் அயனி மண்டலத்தின் அடர்த்தி ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும்; சூரியன் மறைந்த பிறகு சமிக்ஞைகள் மினுங்கித் தடுமாறும். நடு அட்சரேகை நாடுகளுக்காக எழுதிய கணித மாதிரி, அயனி மண்டலத்தை ஒற்றை மெல்லிய தகடாகப் பாவித்தது. அது இங்கே செல்லுபடியாகவில்லை. பல அடுக்குகளாகப் பிரித்து அளக்கும் சொந்த மாதிரியை இஸ்ரோ உருவாக்க வேண்டியிருந்தது. 2015 ஏப்ரலில் ககன், உயர வழிகாட்டலுடன் தரையிறங்கும் அணுகுமுறைக்கான சான்று பெற்றது.

சிறு நகர விமான நிலையங்களுக்கு இதன் பயன் பெரிது. ஐஎல்எஸ் என்னும் தரைக்கருவியை ஒவ்வொரு ஓடுதள முனையிலும் நிறுவிப் பராமரிக்க வேண்டும். ககனுக்கு ஓடுதளத்தில் எதுவும் தேவையில்லை. ஆனால் 2016-ஆம் ஆண்டு தேசிய சிவில் விமானப் போக்குவரத்துக் கொள்கை, 2019 ஜனவரி முதல் பதிவாகும் எல்லா விமானங்களிலும் ககன் கருவி வேண்டும் என்று சொல்லியும் அது நடக்கவில்லை. கூடுதல் செலவைக் காட்டி நிறுவனங்கள் எதிர்த்தன, கெடு தள்ளிப்போனது. ராஜஸ்தானின் கிஷன்கட் நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் துணையோடு இறங்கியது 2022 ஏப்ரலில். சான்று பெற்று ஏழு ஆண்டுகள் கழித்து. எரிபொருளை மிச்சப்படுத்தும் கருவிக்கு ஓடோடிச் சென்ற அதே சந்தை, மோசமான வானிலைக்குக் காப்பாக இருக்கும் கருவிக்கு இவ்வளவு தயங்கியது தற்செயல் அல்ல. முன்னது அன்றாட வரவில் தெரியும். பின்னது ஆண்டில் சில நாட்கள்தான் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஜிபிஎஸ் சமிக்ஞையைப் போலியாக உருவாக்கி விமானத்துக்கு அதன் இருப்பிடத்தைத் தவறாகக் காட்டும் தாக்குதல்கள் பெருகியுள்ளன. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை இந்திய எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு வட்டாரங்களில், 465 குறுக்கீடுகள் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ககன் திருத்துவது ஜிபிஎஸ் சமிக்ஞையைத்தான். சமிக்ஞையே போலியானால் திருத்தத்துக்குப் பொருள் இல்லை. 2025 நவம்பரில் டெல்லியை நெருங்கிய விமானங்களே இதைச் சந்தித்தன. செயற்கைக்கோளை நம்பி 10-ஆம் எண் ஓடுதளத்தை அணுகியவை தடுமாறின. தரைக்கருவி உள்ள மற்ற ஓடுதளங்களில் போக்குவரத்து பாதிக்கப்படவில்லை என்று அரசு விளக்கியது. பழைய தரைக்கருவிகளில் குறைந்தபட்ச எண்ணிக்கையையாவது தொடர்ந்து இயக்கும் கொள்கை இருப்பதாகவும் சொன்னது. கையிருப்பு வேலை செய்த நிகழ்வு இது. பழையதை அகற்றினால் இவ்வளவு மிச்சம் என்று அடுத்த முறை யாராவது கணக்குப் போடும்போது முன்வைக்க வேண்டிய சான்றும் இதுவே.

அதே மாதம், அதே டெல்லியில், விமானத் திட்டங்களைக் கட்டுப்பாட்டாளர்களின் திரைக்குத் தானாக அனுப்பும் செய்திப் பரிமாற்ற அமைப்பு செயலிழந்தது. நவம்பர் 7 அன்று 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. கட்டுப்பாட்டாளர்கள் ஒவ்வொரு திட்டத்தையும் கையால் பதிந்து போக்குவரத்தை நடத்தினார்கள். விபத்து எதுவும் இல்லை. இயந்திரம் செய்த வேலையை மனிதர்கள் எடுத்துச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அந்தத் திறமை இன்னும் அவர்களிடம் மிச்சமிருந்தது.

5. முக வாசலும் ஆள் வாசலும்

டிஜி யாத்ரா 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாராணசி நிலையங்களில் தொடங்கியது. முகத்தை அடையாளமாகக் கொண்டு பயணி நுழைவாயிலைக் கடக்கலாம். இதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் அந்தரங்க உரிமை சார்ந்தது. தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது, விமான நிலையங்கள் கூட்டாக நடத்தும் லாபநோக்கற்ற நிறுவனத்தின் பொறுப்புடைமை என்ன போன்றவை முக்கியமான கேள்விகள். அவற்றோடு இன்னொன்றைச் சேர்க்கலாம். திட்டம் கட்டாயமல்ல என்று அரசு சொல்கிறது. விரும்பாதவருக்கு அதே வேகத்தில் இன்னொரு வாசல் இருந்தால்தான் அது உண்மை. முக வாசல்கள் கூடக் கூட ஆள் நிற்கும் வாசல்கள் குறைந்தால், சட்டத்தில் விருப்பமாக இருப்பது வரிசையில் கட்டாயமாகிவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள் புதுப்பிப்பில் நேர்ந்த பிழையால் உலகமெங்கும் கணினிகள் முடங்கியபோது, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சமூக ஊடகங்கள் அதை வேடிக்கையாகப் பகிர்ந்தன. எழுதிக் கொடுக்க ஆள் இருந்தார்கள் என்பது அதில் கவனிக்கப்படாத செய்தி.

6. டிசம்பர் 2025

இதுவரை சொன்ன இழைகள் எல்லாம் ஓரிடத்தில் கூடுவது 2025 டிசம்பர் முதல் வாரத்தில். விமானிகளின் களைப்பைக் குறைக்க டிஜிசிஏ 2024 ஜனவரியில் புதிய பணிநேர விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது; ஒரு விமானி ஓர் இரவுப் பணியில் செய்யக்கூடிய தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. நிறுவனங்களின் எதிர்ப்பாலும் நீதிமன்ற வழக்காலும் நடைமுறை தள்ளிப்போய், இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று அமலானது. ஏறத்தாழ 22 மாத அவகாசம். இருந்தும் டிசம்பர் 3 முதல் 5 வரையிலான மூன்றே நாட்களில் இண்டிகோ 2,507 விமானங்களை ரத்து செய்தது. 1,852 விமானங்கள் தாமதமாயின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

விமானிகளின் பணிப்பட்டியலை இன்று மென்பொருள் தயாரிக்கிறது. விதிகளை வரம்பாகக் கொடுத்து, சம்பளம் வாங்கும் ஆள் சும்மா இருக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னால் அது குறைத்துக் கொடுக்கும். எவ்வளவு திறமையாகக் குறைக்கிறதோ அவ்வளவு திறமையாக இடைவெளிகளும் காணாமல் போகின்றன. குளிர்கால அட்டவணை, மூடுபனி, நெரிசல், புதிய விதிகள், சிறு தொழில்நுட்பக் கோளாறுகள் என்று நிறுவனம் பல காரணங்களைச் சொன்னது. அவற்றில் ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் பெரிதாகத் தெரிந்திருக்காது. டிஜிசிஏ 2026 ஜனவரியில் 22.20 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, விசாரணைக் குழு கண்ட குறைகளாக வரிசைப்படுத்தியவற்றில் முதலாவது, இயக்கங்களை அளவுக்கு மீறி இறுக்கிச் சீரமைத்தது. விதிமாற்றத்துக்குத் தயாராகாததும் மென்பொருள் ஆதரவின் குறைபாடும் நிர்வாக அமைப்பின் குறைகளும் அதற்குப் பின்னால் வந்தன. அந்த வரிசையை நான் ஏற்கிறேன். மென்பொருள் பிழை இருந்திருக்கலாம். பிழையைத் தாங்கும் இடம் பட்டியலில் இல்லாததே பெரிய குறை.

டிசம்பர் முடக்கத்துக்குச் சில நாட்கள் முன்பு நடந்ததை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். கடும் சூரியக் கதிர்வீச்சு ஏ320 வகை விமானங்களின் கட்டுப்பாட்டுக் கணினியில் தரவைக் கெடுக்கக்கூடும் என்று கண்டறிந்த ஏர்பஸ், நவம்பர் இறுதியில் உலகெங்கும் சுமார் 6,000 விமானங்களில் திருத்தம் செய்யச் சொன்னது. இந்தியாவில் 338 விமானங்கள். பெரும்பாலானவற்றில் பழைய மென்பொருள் பதிப்பை மீண்டும் ஏற்றினால் போதும். பொறியாளர்கள் ஓரிரு நாளில் முடித்துவிட்டார்கள். மென்பொருளில் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். விமானிக்கு முந்தைய பதிப்பு கிடையாது; அவரை உருவாக்க ஆண்டுகள் ஆகும்.

நெருக்கடியைத் தணிக்க அரசு எடுத்த முடிவுதான் இந்த நிகழ்வின் மிகக் கவலைக்குரிய பகுதி. இரவுப் பணி தொடர்பான புதிய வரம்புகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளிக்கப்பட்டது. அதாவது அட்டவணையில் இல்லாத கையிருப்பை விமானிகளின் தூக்கத்திலிருந்து எடுத்தார்கள். வேறு வழியும் அதிகம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தையில் பத்தில் ஆறு பேரை ஏற்றிச் செல்லும் நிறுவனம் நின்றால் அவர்களை ஏற்ற வேறு இருக்கைகள் எங்கே? எஞ்சின் நெருக்கடியில் கையிருப்பால் பிழைத்த நிறுவனமே, மனிதக் கையிருப்பு இல்லாமல் தடுமாறியபோது, அதன் அளவே ஒழுங்குமுறை அமைப்பின் கையைக் கட்டிப்போட்டது.

7. மறுப்புகள்

இத்தகைய முடக்கங்கள் எங்கும் நடப்பவை என்பது முதல் மறுப்பு. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம், பணிக்குழுவை ஒதுக்கும் மென்பொருள் திணறியதால் 16,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. 2023 ஆகஸ்டில் பிரிட்டனின் வான்வழிக் கட்டுப்பாட்டு அமைப்பு முடங்கியது. ஒப்புக்கொள்கிறேன், நோய் உலகளாவியது. ஆனால் வேகமாக வளரும் சந்தையில் அது கடுமையாகிறது. தேங்கிய சந்தையில் இன்றைய ஆள்பலம் நாளைக்கும் போதும். ஆண்டுக்கு ஆண்டு பெருகும் சந்தையில் நாளைக்குத் தேவையான கட்டுப்பாட்டாளரை நேற்றே பணியில் சேர்த்திருக்க வேண்டும். மேலும், சவுத்வெஸ்ட் நிகழ்வுக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் தண்டம் விதித்தது. அன்றைய மதிப்பில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதன் பெரும்பகுதி பயணிகளுக்கான இழப்பீட்டு ஏற்பாடாக மாற்றப்பட்டது. 22.20 கோடி ரூபாய் அபராதத்தை அதன் பக்கத்தில் வைத்தால், கையிருப்பு வைத்துக்கொள்வதைவிட அபராதம் கட்டுவது மலிவு என்றே எந்த நிதி அதிகாரிக்கும் தோன்றும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. கையிருப்புக்குச் செலவாகும், செலவு கட்டணத்தில் ஏறும், முதன்முறை விமானம் ஏறும் குடும்பங்களே முதலில் விலகும். 2003-இல் ஏர் டெக்கான் தொடங்கிவைத்த மலிவுப் பயணம் லட்சக்கணக்கானோருக்கு வானத்தைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கையிருப்பு இல்லாததன் செலவு இன்றும் வசூலிக்கப்படுகிறது, வேறு ஆட்களிடமிருந்து. டிசம்பர் நெருக்கடியில் கட்டணங்கள் தாறுமாறாக ஏறி, அரசு 500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்துக்கு 7,500 ரூபாய் முதல் நெடுந்தூரத்துக்கு 18,000 ரூபாய் வரை உச்சவரம்பு விதிக்க வேண்டிவந்தது. சாதாரண நாளில் எல்லோருக்கும் சிறிதாகக் குறைந்த கட்டணத்தை, கெட்ட நாளில் அகப்பட்டுக்கொண்ட சிலர் மொத்தமாகச் செலுத்துகிறார்கள். காப்பீட்டுத் தவணை கட்டாமல் மிச்சம் பிடிப்பதைப் போன்ற கணக்கு இது.

பாதுகாப்பு மேம்பட்டுள்ளதே என்பது மூன்றாவது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தணிக்கையில் இந்தியாவின் மதிப்பெண் 2018-இல் 69.95 விழுக்காடு, 2022-இல் 85.65. குறிப்பிடத்தக்க முன்னேற்றம்தான். ஆனால் விதிகளும் நடைமுறைகளும் ஓரிடத்தில் இருக்க, அவற்றைச் செயல்படுத்தும் ஆட்கள் போதாமல் இருக்க முடியும். அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து நொறுங்கிய விபத்துக்குப் பின், 2025 ஆகஸ்டில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை டிஜிசிஏவில் ஒப்புதல் பெற்ற 1,063 பணியிடங்களில் 553 மட்டுமே நிரப்பப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது. (அந்த விபத்தின் காரணம் இன்னும் விசாரணையில் இருப்பதால் அதை இந்த வாதத்துக்குச் சான்றாக எடுக்கவில்லை.) செயற்கை நுண்ணறிவு இந்தக் குறைகளைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையும் பேசப்படுகிறது. எங்கே எத்தனை மாற்று விமானிகளை நிறுத்தலாம் என்று கணிக்க அது உதவும். இல்லாத விமானியை அது நிறுத்தாது.

8. அட்டவணை ஒப்புதல்

கையிருப்பு பற்றிய முடிவுகள் விமானியின் அறையிலோ கட்டுப்பாட்டுக் கோபுரத்திலோ எடுக்கப்படுவதில்லை. ஆண்டுக்கு இருமுறை, கோடைக்கும் குளிர்காலத்துக்கும், நிறுவனங்களின் அட்டவணைக்கு டிஜிசிஏ ஒப்புதல் அளிக்கும்போது எடுக்கப்படுகின்றன. 2025 குளிர்கால அட்டவணையில் இண்டிகோவின் புறப்பாடுகள் முந்தைய குளிர்காலத்தைவிட 9.66 விழுக்காடு கூடுதலாக அனுமதிக்கப்பட்டிருந்தன. அந்த அனுமதி 403 விமானங்களை அடிப்படையாகக் கொண்டது. அக்டோபரில் உண்மையில் இயங்கியவை 339, நவம்பரில் 344 என்று டிஜிசிஏ பின்னர் அனுப்பிய ஆணையே தெரிவிக்கிறது. புதிய ஓய்வு விதி அமலுக்கு வரவிருந்த அதே பருவத்துக்குத்தான் இந்தக் கூடுதல் அனுமதி. ஒப்புதல் கொடுத்த மேசையில் இந்த இரண்டு தகவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் டிசம்பர் நெருக்கடியின் பெரும்பகுதி காகிதத்திலேயே தெரிந்திருக்கும். முடக்கத்துக்குப் பிறகு 10 விழுக்காடு புறப்பாடுகளைக் குறைக்கச் சொன்னார்கள். மும்பையில் செய்ததைப் போன்ற திருத்தம். ஆனால் பயணிகள் தரையில் படுத்துறங்கிய பிறகு வந்தது.

டிஜிசிஏ ஒவ்வொரு மாதமும் பயணிகள் எண்ணிக்கை, சந்தைப் பங்கு, இருக்கை நிரம்பும் அளவு, நேரம் தவறாமை, ரத்து, புகார்கள் ஆகியவற்றை வெளியிடுகிறது. எல்லாமே நடந்து முடிந்ததைச் சொல்பவை. விமானம் ஒன்றுக்கு எத்தனை விமானிகள், தயார்நிலையில் எத்தனை பேர், மாற்று எஞ்சின்கள் எத்தனை, நின்றிருக்கும் விமானங்கள் எத்தனை, நிலையம்தோறும் ஒதுக்காமல் வைத்த ஓடுதள நேரம் எவ்வளவு என்ற தகவல்கள் நிறுவனங்களிடமும் விமான நிலைய ஆணையத்திடமும் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. பணிப்பட்டியல் மென்பொருளும் ஓடுதள ஒதுக்கீடும் அவை இல்லாமல் ஓடா. அட்டவணை ஒப்புதலுக்கு முன் அவற்றைக் கேட்டுப் பெறவும், மாத அறிக்கையில் இன்னொரு பத்தியாகச் சேர்த்து வெளியிடவும் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. டிஜிசிஏவில் 2025-இல் நிரப்பப்படாமல் இருந்த 510 பணியிடங்களில் சிலவற்றுக்கு, அந்தப் பத்தியைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த ஆட்களை நியமிக்க வேண்டியிருக்கும்.